சேவற்கொடி

பகவதியப்பன் வரப்பில் ஓடிவந்ததை நெடும்பத்து ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எண்பதை நெருங்கிய மனிதர். தோள்துண்டு ஒரு பக்கம் தொங்க, செல்போனைச் சுட்ட கிழங்கைப் பிடிப்பதுபோல் உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வழுக்குகிற சேற்று வரப்பில் விழாமல் எப்படி வந்தார் என்பது அவருக்கே தெரியாது.

"தாசு! லே, குமாரதாசு! இதுக்குள்ள ஒருத்தன் இந்தி பேசுதான்லே!"

பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாய்க்கு வந்து சேர்ந்த வாரம் அது. முதல் போகமான கன்னிப்பூவின் நடவு தொடங்கியிருந்தது. குமாரதாஸ் முழங்கால் சேற்றில் நின்று நாற்றுமுடி வீசிக்கொண்டிருந்தான். சவுதியில், தம்மாமில் லாரி ஓட்டிவிட்டு வந்தவன். பாகிஸ்தான்காரனிடமும் பீகார்காரனிடமும் சண்டை போட்டே படித்த இந்தி. அதில் மரியாதை கிடையாது, இலக்கணமும் கிடையாது. வேகம் மட்டும் உண்டு. கையைப் பாய்ந்தோடும் தண்ணீரில் அலசிவிட்டு, போனை வாங்கிக் காதில் வைத்தான்.

மறுபக்கத்துக் குரல் நிதானமாகப் பேசியது. பெயர் நேகி. விமானப்படையில் குரூப் கேப்டனாக இருந்து ஓய்வுபெற்றவர். டேராடூனில் வீடு. நாகர்கோவில் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் கேட்டு நம்பர் வாங்கினாராம். சுதனும் அவரும் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒருநாள் உன் வீட்டுக்கு வந்து சாப்பிடுவேன் என்று சுதனிடம் சொல்லியிருந்தார். வயதாகிறது, வருகிற வெள்ளிக்கிழமை வரலாமா?

குமாரதாஸ் போனைக் கையால் பொத்திக்கொண்டான். சுதன் அவனுக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சுக்காரன். பகவதியப்பனின் ஒரே மகன். கார்கில் சண்டையின்போது, பனிமலையில் அடிபட்டுக் கிடந்தவர்களைத் தூக்கிவரப் போன ஹெலிகாப்டரோடு போய்ச் சேர்ந்துவிட்டான். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. அவன் இருந்த வருஷங்களும் இல்லாத வருஷங்களும் சரிக்குச் சரியாகிவிட்ட ஆண்டு இது.

"வெள்ளிக்கெழமையா? அன்னைக்கு அவன் திதியில்லா?" என்றார் பகவதியப்பன், விஷயத்தைக் கேட்டதும். "வரட்டும். வரச் சொல்லு. எலை போடுத அன்னைக்கு வாறது நல்லதுதான்."

போனை அணைத்த பிறகும் அவர் போகவில்லை. நடவுப் பெண்கள் தூரத்தில்தான் இருந்தார்கள். பக்கத்தில் ரெண்டு கொக்கு மட்டும் நின்றன. அவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"தாசு, ஒரு காரியம். வாறவன் சுதன்கூட ஒரே ரூம்ல கெடந்தவன். நல்லதும் சொல்லுவான், மத்ததும் சொல்லுவான்."

"மத்ததுன்னா, மாமா?"

"நம்ம சுதன் கோழி தின்னுவாம்லே."

குமாரதாஸ் மறுபடி கையில் எடுத்திருந்த நாற்றுமுடி நழுவிச் சேற்றில் விழுந்தது. தலைமுறை தலைமுறையாகச் சைவம் மட்டும் புழங்குகிற வீடு அது. வெங்காயம் நறுக்கினால்கூட ஜன்னலைத் திறந்துவைக்கிறவர் பகவதியப்பன்.

"ஒங்க அத்தைக்குத் தெரியாது பாத்துக்கோ. அஞ்சு வயசுல தேவாரம் சொன்ன பிள்ளைன்னு இப்பவும் வாறவ போறவகிட்டெல்லாம் சொல்லிட்டு இருக்கா. இது காதுல விழுந்தா தாங்கமாட்டா. அந்தப் பேச்சு வந்தா நீ மாத்திச் சொல்லிப்போடணும். சுதன்மேல சத்தியம் பண்ணு."

குமாரதாஸ் பண்ணினான்.

சாயந்திரம் வீட்டுக்குப் போகும்போது பின்வேலிக்கு அப்பால் பகவதியப்பனின் மனைவி சண்முகவடிவு நின்றிருந்தாள். பலாச்சக்கை வெட்டிய கை, எண்ணெய் பளபளத்தது. ஒரு இலைநிறையச் சுளையை வேலிக்கு மேலே நீட்டினாள்.

"மக்கா தாசு, தின்னு. கூழஞ்சக்கையில்ல, நல்ல வரிக்கை. ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். மாமாகிட்ட சொல்லிராதே."

குமாரதாஸ் சுளையை வாய்க்குக் கொண்டுபோனவன் நிறுத்தினான்.

"சுதன் முட்டை திம்பான். ஒண்ணு ரெண்டில்ல, கணக்கு வழக்கில்லாம திம்பான். கோழியும் திம்பான்னுதான் எனக்கு ஒரு எண்ணம். அந்த ஆளு வந்து பட்டுனு போட்டு ஒடைச்சிட்டாம்னா ஒங்க மாமா ஒடைஞ்சு போயிருவாரு. எம்மவன் சுத்த சைவம்னு அவ்வளவு பெருமை அவருக்கு. நீ வேற என்னவாவது சொல்லிச் சமாளிச்சிரு. சுதன்மேல சத்தியமா?"

"சத்தியம், அத்தே."

மறுநாள் குலசேகரத்திலிருந்து சுதனின் அக்கா அழகியநாயகி வந்தாள். புருஷனோடு அங்கே ரப்பர்த் தோட்டம் பார்க்கிறவள். குமாரதாஸ்தான் பைக்கில் போய் பஸ் ஸ்டாப்பிலிருந்து கூட்டிவந்தான். பாதி வழியில், கால்வாய்ப் பாலத்தின்மேல், "வண்டிய நிறுத்து தாசு" என்றாள்.

"சொல்லுங்கக்கா. சுதன் என்ன திம்பான்?"

அழகியநாயகி திகைத்துப்போனாள். "ஒனக்கு எப்பிடித் தெரியும், நான் அதத்தான் சொல்லப்போறேன்னு?"

"சும்மா ஒரு இதுதான். சொல்லுங்க."

"மீனும் திம்பான்" என்றாள் அவள், ஆற்றைப் பார்ப்பதுபோலக் கால்வாயைப் பார்த்துக்கொண்டு. "அப்பாக்கும் அம்மாக்கும் தெரியப்பிடாது. ரெண்டுபேரும் உயிர விட்ருவாவ."

இரவுச் சாப்பாட்டின்போது குமாரதாஸ் இதை மனைவி ராஜியிடம் சொன்னான். ராஜிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூணு பேருக்கும் தெரியும்னு சொல்லித் தொலைச்சா என்னவாம்?"

"மூணு பேருக்கும் சத்தியம் பண்ணிருக்கேன்ட்டி. அதும் அவன்மேல."

"அப்ப வாறவருகிட்டயாவது சொல்லிரும். இந்தப் பேச்சு எடுக்காதீயும்னு."

அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையிலேயே குமாரதாஸ் வெள்ளை வேட்டி கட்டி, மெயின்ரோடு விலக்கில் பைக்கோடு காத்து நின்றான். மலைப்பக்கமிருந்து சாரல் வந்து போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாடகைக் காரையும் கைகாட்டி நிறுத்தினான். ஒன்றில் மயிலாடிக்குச் சிலை பார்க்கப் போகிறவர்கள், இன்னொன்றில் பெண் பார்க்கப் போகிறவர்கள். நேகி மட்டும் வரவில்லை. ராஜியின் போன்தான் வந்தது.

"எங்க நிக்கீரு? அவரு வந்து ஒரு தம்ளர் மோரும் குடிச்சாச்சு. கார் கால்வாய்க்கரை வழியா வந்துட்டுது. இஞ்ச ஆளுக்கு ஆளு மொகத்தப் பாத்து சிரிச்சுக்கிட்டு இருக்காவ, ஒரு வார்த்தை பேச ஆளில்ல. ஓடி வாரும்!"

வீட்டுக்குள் நுழையும்போது எரிசேரியும் வறுத்த தேங்காயும் சக்கைப் பிரதமனும் சேர்ந்த மணம் வாசல்வரை வந்தது. நேகி நெடுநெடுவென்று உயரம். நரைத்த மீசை. வெறுங்காலோடு சுதனின் படத்துக்கு முன் நின்றிருந்தார். சீருடையில் சுதன் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான். போட்டோவுக்காகச் சிரிப்பை அடக்கியது அவனைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நேகி விறைத்து நின்று சல்யூட் அடித்தார். கை இறங்கும்போது சண்முகவடிவு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் விடவே இல்லை.

"கேளு தாசு" என்றாள். "கடைசியா அவன் எப்பிடிப் போனான்? அதக் கேளு."

குமாரதாஸ் கேட்டான். நேகி சொல்லச் சொல்ல இவன் தமிழில் சொன்னான். அன்று காலையில் சுதன் முதல் தடவை போய், அடிபட்ட இரண்டு சிப்பாய்களைக் கொண்டுவந்து இறக்கினான். டீ குடித்தான். மேலே இன்னும் ஆள் கிடக்கிறது என்று மறுபடி போனான். போகும்போது இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தி ஏதோ தமிழ்ப் பாட்டுப் பாடினான், என்ன பாட்டென்று யாருக்கும் தெரியாது. முதல் தடவை இறக்கின இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். காலில் அடிபட்டிருந்தவன் நேகியின் ஊர்ப்பக்கம் பவுரியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். போன மாசம் நேகியின் மகள் கல்யாணத்துக்கு வந்து, விடிய விடிய ஆடினான்.

"ஆடினானா?" சண்முகவடிவு நிமிர்ந்தாள். "அடிபட்ட காலு சரியாயிட்டா?"

"ஒரு காலு தாங்கித்தான் நடப்பானாம். ஆனா ஆட ஆரம்பிச்சா நிக்கமாட்டானாம், அத்தே."

"ஆடட்டும்" என்றாள் அவள். "நல்லா ஆடட்டும்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எலை போடுங்கம்மா" என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டுப் படைத்துக் கும்பிட்டார்கள். பிறகு பந்தி. பருப்பும் நெய்யும், அவியல், எரிசேரி, சேனைக்கிழங்குத் துவரன், மாங்காய்ப் பச்சடி, புளிச்சேரி, நேந்திரங்காய் உப்பேரி. நேகிக்கு எதை எதோடு சேர்ப்பது என்று தெரியவில்லை. பகவதியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைக்குச் சொல்வதுபோல விரலால் காட்டிக் கொடுத்தார். நேகி ஒவ்வொன்றையும் வாயில் வைத்துக் கண்ணை மூடினார். இரண்டாம் தடவை பருப்பு விழுந்ததும் அவருக்குப் பேச்சு அவிழ்ந்துவிட்டது. கதை கதையாக வந்தது. சுதன் மேலதிகாரிபோல நடித்துக்காட்டி மாட்டிக்கொண்டது, பனியில் வழுக்கித் தளபதியின் மடியில் போய் உட்கார்ந்தது. குமாரதாஸ் தைரியமாக மொழிபெயர்த்துக்கொண்டு வந்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் நேகி, "எங்களுக்கெல்லாம் அவன் சுதன் இல்லை. முர்கா! அதுதான் அவன் பெயர்" என்றார்.

குமாரதாஸ் எடுத்த கவளத்தை இலையில் திரும்ப வைத்தான். முர்கா என்றால் கோழி.

"என்னங்கான்? என்னங்கான்?" என்றாள் சண்முகவடிவு.

"அது வந்து... அவன அங்க எல்லாரும் முருகா, முருகான்னுதான் கூப்பிடுவாவளாம், அத்தே."

சண்முகவடிவின் முகம் பூத்துவிட்டது. நெய்க்கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினாள். "முருகா! கேட்டியளா? எம்பிள்ளைய அங்க முருகான்னு கூப்பிட்டிருக்காவ. முருகா! முருகா!"

நேகிக்கு ஒரே சந்தோஷம். இந்த அம்மாவுக்குப் பெயர் தெரிந்திருக்கிறது! "ஹான், ஹான்! முர்கா! முர்கா!" என்று தலையை ஆட்டினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். பகவதியப்பனும் கண்ணை மூடி, "வேலாயுதா" என்று ஒரு தடவை சொன்னார்.

நேகி இடது கையால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். சுதன் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தான். கக்கத்தில் ஹெல்மெட். ஹெல்மெட்டில் சிவப்புக் கொண்டையோடு ஒரு சேவல் வரைந்திருந்தது.

குமாரதாஸ் மனசுக்குள் ஓடாத இடமில்லை. ஆனால் சண்முகவடிவே அவனைக் காப்பாற்றினாள்.

"சேவற்கொடி!" என்றாள். "முருகன் கொடியில சேவல்லா இருக்கும்!"

"அதேதான் அத்தே! சேவற்கொடி! அவியளுக்கு மயிலு வரையத் தெரியாதுல்லா, அதான் சேவல வரைஞ்சிட்டாவ!"

பரிமாறிக்கொண்டிருந்த ராஜி கரண்டியோடு அடுக்களைக்குள் ஓடினாள். அங்கிருந்து பாத்திரம் உருளும் சத்தம் வந்தது.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நேகி கதையை முடிக்காமல் விடுகிற ஆள் இல்லை. பெயர் வந்த காரணத்தை இவர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று எழுந்து நின்றார். இரண்டு முழங்கையையும் சிறகுபோல அடித்தார். கழுத்தை நீட்டி, "கொக்கரக்கோ!" என்று கூவினார். பிறகு ஒரு கோழிக்காலைக் கையில் பிடித்துப் பல்லால் இழுத்துக் கடிப்பதுபோல, எலும்பை உறிஞ்சுவதுபோல, அதைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு அடுத்த காலை எடுப்பதுபோல நடித்தார். கடைசியில் வயிற்றைத் தடவி, படத்திலிருந்த சுதனைச் சுட்டிக்காட்டினார்.

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மழை ஓட்டில் விழுகிற சத்தம் கேட்டது. பகவதியப்பன் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். அழகியநாயகி இலையைப் பார்த்தாள்.

"அங்க குளுருல்லா" என்றாள் சண்முகவடிவு அவசரமாக. "மருந்துக்குக் குடுத்திருப்பாவ. எம்பிள்ளை ஆசப்பட்டுத் தின்னுருக்கமாட்டான்."

"ஆமா, ஆமா" என்றார் பகவதியப்பன் அதைவிட அவசரமாக. "டாக்டரு சொல்லிருப்பாரு. நீ வெப்ராளப்படாத வடிவு. பிள்ளை கண்ண மூடிக்கிட்டுத்தான் முழுங்கிருப்பான்."

"சூப்பு மட்டும் குடிச்சிருப்பான்" என்றாள் அழகியநாயகி.

குமாரதாஸ் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். இருபத்தாறு வருஷமாக மூன்று பேரும் தனித்தனியாக ஒரே பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். அவனுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று நெஞ்சிலிருந்து கிளம்பியது.

"போதும்!" என்றான். "சுதன் என்ன மன்னிச்சுக்கிடட்டும். மாமா, அத்தைக்குத் தெரியும். அத்தே, மாமாக்குத் தெரியும். அக்காக்கு எல்லாம் தெரியும். மூணுபேரும் எங்கிட்ட சத்தியம் வாங்கினிய!"

சண்முகவடிவு புருஷன் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பகவதியப்பன் மோரைக் குடித்துத் தொண்டையைச் செருமினார். "வடசேரியில நெல்லு வித்துட்டு வருவம்லா, அவன் லீவுல வரும்போது. அங்கின ஒரு கடை. வாசன வந்ததும் பிள்ளைக்கு நடை நின்னுபோச்சு. வாயத் தொறந்து கேக்கல. நான்தான் போய்த் தின்னுட்டு வாலேன்னேன். அவன் உள்ள இருந்து திம்பான். நான் வெளிய கொடைய விரிச்சு மறச்சுக்கிட்டு நிப்பேன், சொந்தக்காரன் எவனாவது வந்துரப்பிடாதேன்னு."

"அதான் ரெண்டுபேரும் வெத்தில போட்டுட்டு வருவியளா!"

"ஒனக்கு எப்பிடித் தெரியும்? அதச் சொல்லு."

"வெந்நி அண்டா" என்றாள் சண்முகவடிவு. "அவன் லீவுல வந்தா நான் வெந்நி போட்டு வைக்கல்லியா? அதுக்குள்ளதான் முட்டைய அவிப்பேன். முட்டைத் தோடெல்லாம் கறியாப்பிலை மூட்டுல பொதைச்சிருவேன்."

பகவதியப்பன் வாயைத் திறந்தார். "அந்தத் தண்ணியிலயா நான் குளிச்சேன்?"

முதலில் சிரித்தது அழகியநாயகி. பிறகு ராஜி, அடுக்களை வாசலில் உட்கார்ந்தே விட்டாள். "கறியாப்பிலை அந்த வருசம் காடா வளந்துதே, அம்மா!" என்று அழகியநாயகி மூச்சு வாங்கினாள். "அக்காவப் பாக்கணும் அக்காவப் பாக்கணும்னு குலசேகரத்துக்கு ஓடிவருவானே, எதுக்குன்னு நெனச்சிய? பக்கத்து வீட்டு செசிலி வைக்குத மீன் கொழம்புக்கு!"

"மொத மொதல்ல தின்னது எங்க வீட்டுலதான்" என்றான் குமாரதாஸ். "எங்கம்மா வச்ச நாட்டுக்கோழி."

நேகி மறுபடி உட்கார்ந்து, கையில் சோற்றோடு, என்ன பாவம் செய்தோம் என்று விழித்துக்கொண்டிருந்தார். குமாரதாஸ் அன்றைக்கு முதல்தடவையாக ஒன்றையும் மாற்றாமல் மொழிபெயர்த்தான். முருகனையும் சேர்த்துச் சொன்னான். நேகி தரையில் ஓங்கி ஓங்கி அடித்துச் சிரித்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் மீசையில் இறங்கியது. சண்முகவடிவு சிரித்ததைப் பார்த்துத்தான் பகவதியப்பன் சிரிக்க ஆரம்பித்தார். அந்தத் திதி நாளில் அவள் சிரித்து அவர் பார்த்ததே இல்லை.

"அப்ப இத்தன வருசமா" என்றார் மூச்சு வந்ததும், "அவனுக்கு எரிசேரியப் போட்டுப் போட்டு மடுக்க வச்சிருக்கோம்."

"பாவம் பிள்ளை" என்றாள் சண்முகவடிவு. "போதும்மான்னு சொல்லவும் வாயில்லாம." சொல்லிவிட்டு எழுந்தாள். "ஏட்டி ராஜி, ஒங்க வீட்டுச் சேவல் ஒண்ணு சும்மாதான திரியுது?"

"சும்மாதான் திரியுது, அத்தே."

"வடிவு!" என்றார் பகவதியப்பன். "இன்னைக்கா? வேணும்னா நாளைக்கு..."

"அவரு ராத்திரி ரயிலுக்குப் போறாரு. நாளைக்கு யாருக்கு? சாமியக் கும்பிட்டாச்சு, படைச்சாச்சு. இனி நடக்கது விருந்து. என் அடுக்களையில வேண்டாம், ராஜி வீட்டுல ஆவட்டும்."

அப்படியாக, சாரல் விட்ட நேரத்தில், வீடு முழுவதும் பின்வேலியைத் தாண்டி குமாரதாஸ் வீட்டுக்குப் போயிற்று. நேகி சட்டையைக் கழற்றி ராஜியிடம் கொடுத்துவிட்டு, தானே வைப்பேன் என்று அடுப்படியில் உட்கார்ந்தார். மெஸ்ஸில் சுதனுக்குப் பிடித்த மாதிரி வைக்க அவருக்குத்தான் தெரியுமாம். ராஜி தேங்காய் அரைத்து ஊற்றச் சொன்னாள். அவர் தயிர் ஊற்ற வேண்டும் என்றார். இரண்டு பேரும் இரண்டு பாஷையில் சண்டை போட்டார்கள். கடைசியில் இரண்டும் விழுந்தது. மிளகாய்ப்பொடியில்தான் நேகிக்குக் கை தவறிவிட்டது. பகவதியப்பன் முதலில் முற்றத்துக் கொய்யா மரத்தடியில் நின்றார். பிறகு படிக்கு வந்தார். பிறகு அடுப்புக்குப் பக்கத்திலேயே வந்து, "உப்புப் போட்டியளா?" என்று கேட்டார்.

கொதித்து இறங்கியதும் ராஜி முன்னறையில் ஓர் இலை போட்டாள். சோறு வைத்தாள். சண்முகவடிவு நீளக் கரண்டியாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள். எழுபத்தைந்து வயதுவரைக்கும் அவள் கையால் தொடாத சாமான் அது. மூக்கை முந்தானையால் மூடி, முகத்தைப் பாதி திருப்பி வைத்துக்கொண்டு, குறிபார்த்துப் பரிமாறினாள்.

எல்லாரும் கொஞ்ச நேரம் அந்த இலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆவி பறந்தது.

"ஏலே சுதா" என்றாள் அவள், பள்ளிக்கூடம் விட்டு வந்து விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளையை அதட்டுகிற குரலில். "ஆறிப்போவும். வந்து தின்னு."

பிறகு குமாரதாஸின் பக்கம் திரும்பினாள். "உக்காரு மக்கா."

"நானா, அத்தே? நேகி சாருக்கு..."

"அவருக்கு வேற எலை போடுவா. இதுல நீ உக்காரு. அவன் தின்னா ஒன்கூடத்தான தின்னுருப்பான்."

குமாரதாஸ் உட்கார்ந்தான். ஒரு துண்டைப் பிய்த்துச் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தான். நேகியின் மிளகாய் உச்சந்தலைக்கு ஏறியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, மூக்கு ஒழுகியது, துடைக்கத் தோன்றவில்லை. தின்றான். மறுபடி தின்றான். எதிரே பகவதியப்பன் முழங்காலில் கைவைத்துக் குனிந்து, ஒவ்வொரு கவளமும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்முகவடிவு கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள்: "இன்னும் ஒரு கால் வைக்கட்டா மக்கா?"

"கேக்காத, வடிவு" என்றார் பகவதியப்பன். "போடு."